பத்துக்குப் பத்து வாங்கும் பிள்ளைக்கு வீட்டில் என்ன வேலை?

சொல்வதெழுதுதலில் பிள்ளை பத்துக்கு மூன்றுதான் வாங்குகிறாள் என்று கவலையோடு வரும் பெற்றோரை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுக்குச் சொல்ல நம்மிடம் பல வழிகள் உண்டு. ஆனால் வேறொரு வகைப் பெற்றோரும் தயங்கித் தயங்கி வருகின்றனர். "சிஸ்டர், நீங்கள் கொடுக்கும் பத்துச் சொல்லும் இவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நாலு நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு வந்து நிற்கிறாள். நாங்கள் என்ன செய்வது?" என்று கேட்கின்றனர். பிள்ளையின் பெருமையைப் பேச வந்ததாக எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சம் அவர்கள் குரலில் தெரிகிறது. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. கவனித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விதான் இது.

தெரிந்த சொல்லைப் பத்து முறை எழுதும் பிள்ளை என்ன செய்கிறாள் என்று அவளறியாமல் சற்றுப் பாருங்கள். 3-ஆம் வகுப்புப் பிள்ளையொருத்தியின் வீட்டுப்பாட நோட்டில் நாம் கண்டது இது. 'பள்ளி' என்ற சொல்லை அவள் சொல்லாக எழுதவே இல்லை. மேலிருந்து கீழாகப் பத்து 'ப', அதன் பக்கத்தில் பத்து 'ள்', அதன் பக்கத்தில் பத்து 'ளி' என்று தூண் தூணாக நட்டிருந்தாள். அலுப்புத் தட்டிய பிள்ளை கண்டுபிடிக்கும் யுக்தி இது. கெட்டிக்காரத்தனமும் அதில் உண்டு. ஆனால் சொல் செத்துப்போய் எழுத்துகள் மட்டும் வரிசையில் நிற்கின்றன. கையெழுத்தும் நாளுக்கு நாள் கோணலாகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. முதல் மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு பாடத்திலும் திணறாத பிள்ளை, படிப்பு என்றாலே திணறாதது என்று எண்ணத் தொடங்கிவிடுகிறாள். பிறகு 6-ஆம் வகுப்பிலோ 7-ஆம் வகுப்பிலோ முதன்முறையாக ஒன்று தெரியாமல் போகும்போது, 'எனக்குத் திறமை போய்விட்டது' என்று மேசையில் தலைகவிழ்ந்து அழுகிறாள். தெரியாததைத் தெரிந்துகொள்வது எப்படி என்பதே அவளுக்குப் பழக்கமில்லை. ஆகவே சிறுவயதிலேயே அளவான கடினம் அவளுக்கு வேண்டும்.

முதலில் பிள்ளைக்கு உண்மையாகவே தெரியுமா என்று பார்த்துவிட வேண்டும். பட்டியல் வந்த அன்று மாலையே, படிக்கவிடாமல், பத்துச் சொல்லையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பத்தும் சரியானால், அந்தச் சொற்களின் உறவுக்காரர்களைக் கேளுங்கள். 'பள்ளி' தெரிந்தவளுக்குப் 'பள்ளம்' தெரியுமா? 'பல்லி', 'பல்லாங்குழி'? பிறகு, "பள்ளிக்கூடத்துச் சுவரில் பல்லி ஓடியது" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். தனிச்சொல்லில் தவறாத பிள்ளைகள் பலர் 'கூடத்துச்' என்பதிலுள்ள 'ச்'சை விட்டுவிடுவர். விட்டால் மகிழுங்கள், அவளுக்குக் கற்க வேண்டியது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

சில பெற்றோர் பத்துக்குப் பதில் இருபது முறை எழுதச் சொல்கின்றனர். சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை என்றுதான் குழந்தை அதை எடுத்துக்கொள்ளும். வேறு சிலர் அடுத்த வகுப்புப் புத்தகத்தை வாங்கி முன்கூட்டியே முடித்துவிடுகின்றனர். அப்படிச் செய்தால் அடுத்த ஆண்டு அலுப்பு இரட்டிப்பாகும். நம் யோசனை எளிது. பள்ளி கொடுத்த வேலையைப் பிள்ளை செய்யத்தான் வேண்டும். ஒரு முறை, அழகாக, பத்து நிமிடத்துக்குள். அதன்பின் கால் மணி நேரம் அவளுக்கென்று வேறு வேலை. நற்செய்தியில் வரும் தாலந்து உவமையில் ஐந்து தாலந்து பெற்ற ஊழியன் அவற்றைப் பத்திரமாக எண்ணிக்கொண்டே இருக்கவில்லை; வாணிகத்தில் இட்டு மேலும் ஐந்து ஈட்டினான். நம் பிள்ளைகளில் சிலர் தங்கள் தாலந்தை ஒவ்வொரு மாலையும் எண்ணி எண்ணி வைக்கப் பழக்கப்படுகிறார்கள்.

அந்தக் கால் மணி நேர வேலைக்கு விலை கொடுத்து வாங்க வேண்டியது எதுவுமில்லை. தாய் எழுதப் படிக்க அறியாதவராயினும் தடையில்லை. சொல்லப்போனால், அத்தகைய தாய்மாரின் அடுப்படியே இதற்குச் சிறந்த வகுப்பறை. அம்மா பேசும் சொல்லைப் பிள்ளை நோட்டில் அப்படியே எழுதட்டும். அதற்கெதிரே புத்தகத்தில் வரும் வடிவத்தை எழுதட்டும். வெத்தல என்பது வெற்றிலை, காத்து என்பது காற்று, நேத்து, நேற்று, சோத்துப்பானை, சோற்றுப்பானை. நாலு சொல் சேர்ந்ததும் பிள்ளையே சொல்வாள்: "அம்மா, நாம் 'த்த' என்று சொல்வதெல்லாம் எழுத்தில் 'ற்ற' ஆகிறது." அப்போது, 'பத்து' என்பதை எப்படி எழுதுவாய் என்று கேளுங்கள். 'முத்து'? 'சொத்து'? அவை மாறுவதில்லை. 'பற்று' என்று எழுதினால் வேறு பொருள் வந்துவிடும். தான் கண்ட விதிக்கு ஓர் எல்லை உண்டு என்று அறியும்போது குழந்தையின் முகத்தில் தோன்றும் யோசனை, பத்துக்குப் பத்து வாங்கும்போது தோன்றுவதில்லை.

இன்னும் உண்டு. ஒண்ணு, மூணு, கண்ணுக்குட்டி, பண்ணி என்பவை ஒன்று, மூன்று, கன்றுக்குட்டி, பன்றி என்றாகும். கொடம், பொடவை, ஒடம்பு, தொடப்பம் ஆகியவை குடம், புடவை, உடம்பு, துடைப்பம் ஆகும். எல, மொளகா என்பவை இலை, மிளகாய் ஆகும். அருவாமனை என்று நாம் கூப்பிடும் பொருள் அரிவாள்மணை என்று அறியும் பிள்ளை, அதில் அரிவாளும் மணையும் இருப்பதைக் கண்ணாலேயே கண்டுகொள்வாள். எண்ணெய் என்பதை 'எண்ணை' என்று எழுதுவோர் மிகுதி. எள்ளின் நெய் எண்ணெய் என்று ஒருமுறை கேட்ட குழந்தை பிறகு தவறுவதில்லை. வெண்ணெயும் அப்படியே.

ல, ள, ழ மூன்றையும் நாவால் பிரித்துச் சொல்லும் வீடுகளில் இந்த எழுத்துகளால் தொல்லை குறைவு. தென் மாவட்டத்தார் பலர் வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்பர். சென்னைப் பேச்சில் அது 'வாயப்பயம்' ஆவதும் உண்டு. இதில் கேலிக்கு இடமில்லை. லகரத்துக்கு நாக்கு மேல்பல்லின் அடியைத் தொடும். ளகரத்துக்கு மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு மேல்நோக்கி வளையும், எங்கும் தொடாது. கண்ணாடி முன் நின்று இதைப் பார்க்க எந்தப் பிள்ளைக்கும் விருப்பம்தான். அப்புறம் வலி, வளி, வழி. ஒலி, ஒளி, ஒழி. தலை, தளை, தழை என்று மூன்று மூன்றாகக் கொடுத்து, மூன்றும் வரும்படி ஒரே வாக்கியம் அமைக்கச் சொல்லலாம். இது பெரியவர்களுக்கே கடினம்.

நாம் மிகவும் விரும்பும் பயிற்சி ஒன்றைச் சற்று விரித்துச் சொல்கிறோம். பிள்ளையிடம் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து, இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து வரும் சொற்களைத் தேடச் சொல்லுங்கள். வளர்ச்சி, மகிழ்ச்சி, காய்ச்சல், பார்த்து, வாழ்த்து, சாய்ந்து என்று கிடைக்கும். இருபது சொல் சேர்ந்தபின், முதற்புள்ளி எந்தெந்த எழுத்தின்மேல் வருகிறது என்று கேளுங்கள். ய், ர், ழ் என்ற மூன்றைத் தவிர வேறில்லை என்று அவளே கண்டுபிடிப்பாள். ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்கள் சில முரண்டுபிடிக்கும். அவற்றைத் தனியே ஒதுக்கி வைக்கட்டும். பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்லிவைத்த இலக்கணத்தை எட்டு வயதுப் பிள்ளை தரையில் தாளை விரித்துத் தானே கண்டுவிட்டாள் என்றால் சாதாரணமா?

கண்டுபிடித்ததற்குப் பயனும் உடனே உண்டு. றகர மெய்க்குப் பின் இன்னொரு புள்ளியெழுத்து வராதாகையால், முயற்சி, பயிற்சி, விற்பனை, அதற்கு என்றுதான் எழுத வேண்டும். 'ட்'டும் அப்படியே: ஆட்சி, காட்சி, கட்சி. இந்த விதியோடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வழிநெடுகப் பெயர்ப்பலகைகள் விருந்து வைக்கின்றன. 'விற்ப்பனைக்கு' என்று மனைப்பலகையில் இருக்கும். 'பயிற்ச்சி நிலையம்' என்று பயிற்சி கொடுக்கும் இடத்திலேயே இருக்கும்! வீடு வந்து நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். கடைக்காரரிடம் உரக்கச் சொல்லித் திருத்த வேண்டாம் என்பதை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்.

நகர, னகர, ணகரம் பற்றியும் இவ்வாறே தேடலாம். 'ன' என்று தொடங்கும் தமிழ்ச்சொல் ஒன்று கொண்டு வா என்று சொல்லுங்கள். வராது. 'ண்'ணுக்குப் பின் 'ற' வரும் சொல்லும் அகப்படாது. பழைய ஆசிரியர்கள் தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று பெயர் வைத்தது இதற்காகவே: தகரத்தோடு சேர்வது ந், டகரத்தோடு சேர்வது ண், றகரத்தோடு சேர்வது ன். 'இன்டர்நெட்' என்ற சொல்லைத் தாளில் கண்டு, "சிஸ்டர், விதி தவறிவிட்டதே!" என்று ஓடிவந்த மாணவியும் உண்டு. வெளிநாட்டு விருந்தாளி நம் வீட்டுப் பழக்கம் அறியாதவர் என்று சொல்லி அனுப்பினோம். முந்நூறு என்பதில் ஏன் தந்நகரம் என்று அவள் அடுத்துக் கேட்டாள். மூன்று நூறு என்பதில் 'நூறு' நகரத்தில் தொடங்குகிறதல்லவா? அந்த நகரமே இரட்டித்தது. ஐந்நூறும் அப்படியே. முன்னாள் என்றால் முன்பு ஒருநாள். முந்நாள் என்றால் மூன்று நாள்.

வல்லின ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்றால் மேல்வகுப்பு மாணவியருக்கே நடுக்கம். சின்னப் பிள்ளைக்கு விதி வேண்டாம். பொருள் மாறுவதைக் காட்டினால் போதும். 'கீரைக்கடை' என்பது கீரை விற்கும் கடை. 'கீரை கடை' என்பது மத்தை எடுத்துக்கொள் என்ற கட்டளை. 'வேலை கொடு' என்றால் பணி கேட்கிறோம். 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையிலுள்ள வேலைக் கேட்கிறோம். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது. 'தந்தப் பலகை' யானைக் கொம்பில் செய்தது. இவற்றைப் படமாக வரையச் சொன்னால் ஒரு சனிக்கிழமை முழுவதும் போதாது. சொல்லைப் பிரிக்கும் விளையாட்டும் இத்தோடு சேரும்: பலகை, பல கை, அந்தமான், அந்த மான், தாமரை, தா மரை. மரை என்பது ஒருவகை மான் என்று அகராதி சொல்லும்.

அகராதி என்றதும் நம் மறையின் பெரியார் ஒருவரை நினைக்காமலிருக்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். அதற்குமுன் தமிழில் சொற்பொருள் அறிய நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்தாக வேண்டும். அகரவரிசையில் தேடி எடுக்கும் வசதியைத் தமிழருக்குக் கொண்டுவந்தவர் அவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. இன்று அதைக் கணினியிலும் காணலாம். வீட்டுக்கு ஒரு சிறு கையகராதி போதும். ஆனால் தேடும் முறையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ழ, ள, ற, ன நான்கும் வரிசையின் கடைசியில் நிற்கும். 'வந்தாள்' என்று தேடினால் கிடைக்காது, 'வா' என்று தேட வேண்டும். 'மரத்தை' இராது, 'மரம்' இருக்கும். சொல்லின் வேரைக் காணும் பழக்கம் இப்படியே வந்துவிடும். தேடிக் களைத்தபின், அதே முனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை வாசிக்கக் கொடுங்கள். மட்டிச் சீடர்களைக் கண்டு சிரித்துக்கொண்டே பிள்ளை நூறு புதுச் சொல் கற்றுக்கொள்வாள்.

பண்டை ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதுவது பெரும்பாலும் வழக்கம். குறில் எகர, ஒகரங்களுக்கு இடவேண்டிய புள்ளியும் விடுபட்டுப் போனதால் குறில் எது, நெடில் எது என்பதே குழப்பம். ஏ, ஓ என்ற நெடில்களுக்குத் தனி வடிவும் இரட்டைச் சுழிக் கொம்பும் தந்து அதைத் தீர்த்தவர் வீரமாமுனிவரே என்பர். இதைச் சொல்லிவிட்டு, 'அணணன கடைககுப போனான' என்று புள்ளியில்லாமல் ஒரு வரி எழுதிக் கொடுத்துப் பாருங்கள். புள்ளி வைத்து மீட்கும் வேலையில் எந்தக் குழந்தையும் அலுத்துக்கொண்டதாக நாம் கேள்விப்படவில்லை.

பாட்டியார் வீட்டிலிருந்தால் அவரது பழைய செபப் புத்தகத்தைக் கேட்டு வாங்கட்டும். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்ததற்கு முன் அச்சானதாயின், ணா, றா, னா முதலியவை வேறு வடிவில் இருக்கும். ணை, லை, ளை, னை என்பவற்றுக்கு யானைத் துதிக்கைபோல் ஒரு சுழி இருக்கும். மாறியவை மொத்தம் 13 எழுத்துகள். அந்தப் பதின்மூன்றையும் பாட்டியின் உதவியால் கண்டுபிடிப்பது நல்ல வேலை. சர்வேசுரன், அர்ச்சியசிஷ்ட, இஸ்பிரீத்து சாந்து என்னும் சொற்களை அவர் எப்படி உச்சரிக்கிறார் என்று கேட்டு எழுதட்டும். இன்று இறைவன் என்றும் புனித என்றும் தூய ஆவி என்றும் நாம் சொல்வது இவற்றையே.

ஆங்கிலத்துக்கும் இதே வழிதான் என்பதால் நீட்ட வேண்டியதில்லை. 'நைஃப்' என்ற சொல்லின் தொடக்கத்தில் ஓசையின்றி நிற்கும் 'கே' எழுத்து ஒரு காலத்தில் ஒலிக்கப்பட்டது என்று சொல்லி, அதுபோன்ற ஊமை எழுத்துகளைச் சேகரிக்கச் சொல்லலாம்.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருப்பாள் என்பதை நாம் மறக்கலாகாது. தங்கை பத்து வாங்கும் வீட்டில் அக்காள் நான்கு வாங்கக்கூடும். "உன் தங்கையைப் பார்" என்ற ஒரு சொல் அக்காளின் புத்தகத்தையும் மூடிவிடும், தங்கையின் அன்பையும் கெடுத்துவிடும். எவ்வளவு முயன்றும் எழுத்துகள் தடுமாறுவது சில பிள்ளைகளுக்கு உள்ள கற்றல் குறைபாட்டால் இருக்கலாம். அது சோம்பல் அன்று, அதை ஆசிரியரிடம் சொல்லித் தக்கவரிடம் காட்ட வேண்டும். இளையவளை அக்காளுக்கு வாத்தியாராக அமர்த்துவதும் நமக்கு உடன்பாடன்று. அதற்குப் பதிலாக அக்காள் கதை சொல்லட்டும், தங்கை எழுதட்டும். எழுத்தில் தடுமாறும் பிள்ளைகளில் பலர் வாய்ப்பேச்சில் வல்லவர்கள். கதை வேகமாக ஓடும்போது தங்கை திணறுவாள்: "அக்கா, மெதுவா, மெதுவா!" பட்டியலில் வராத சொற்கள், ஒற்றுகள், மேற்கோள் குறிகள் எல்லாம் அங்கே வரும். அக்காளோ தன் கதை எழுத்தாகித் தாளில் நிற்பதைக் காண்பாள். தவறுகளை இருவருமே சேர்ந்து தேடட்டும். பாராட்டும்போது "நீ புத்திசாலி" என்பதைவிட, "இந்தச் சொல்லுக்காக மூன்று இடத்தில் தேடினாயே" என்பது மேல்.

ஆசிரியரிடம் இதை எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்கின்றனர். 'என் மகளுக்கு உங்கள் பாடம் போதவில்லை' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். வீட்டில் எழுதிய நோட்டைக் கொண்டு வந்து காட்டுங்கள், அதுவே பேசும். நாற்பது பிள்ளைகளுக்கும் நாற்பது பட்டியல் தர எந்த ஆசிரியராலும் இயலாது. ஆனால் பத்துச் சொல்லையும் முன்பே அறிந்தவள் அவற்றில் ஐந்தை எழுதிவிட்டு, மற்ற ஐந்துக்குப் பதிலாகத் தான் கண்டெடுத்த ஐந்து சொற்களைக் கொண்டுவரலாம் என்று அனுமதிப்பது எளிது. கூடுதல் வேலையாக இல்லாமல் மாற்று வேலையாக இருக்க வேண்டும் என்பதை இருதரப்பும் நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த ஐந்தில் வீட்டில் யாராலும் தீர்க்க முடியாத சொல் இருந்தால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வெள்ளிக்கிழமை கொண்டுவரச் சொல்கிறோம். வகுப்புக்கு வெளியே உள்ள கரும்பலகையில் அது ஏறும். 'கோயிலா, கோவிலா' என்பது ஒரு வாரம் நின்றது. ஓகாரத்தின் பின் வகரம் வருவது இலக்கண விதி, கோயில் என்பது நெடுநாளைய வழக்கு, ஆகவே இரண்டும் சரி என்று தெரிந்தபோது பிள்ளைகளில் பாதிப்பேருக்கு ஏமாற்றம். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் நாளில் பலகையில் இருப்பது 'சில்லறையா, சில்லரையா' என்ற கேள்வி. அகராதியைப் புரட்ட 3-ஆம் வகுப்பிலிருந்து ஏழு பேர் நூலகத்துக்குப் போயிருக்கிறார்கள்.